வாள் தீட்டிய கைகளில் தம்புரா

முற்றிய சுரைக்காயைக் காயவைத்துக் குடுவையாக்கிப் புழங்கிய உம்மம்மாமாரை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும், சகோதரிகளே. அதே சுரைக்காய், இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்து மிரஜ் நகரில் தம்புராவாகிறது. பாடகருக்குச் சுருதி கொடுக்கும் நான்கு தந்தி வாத்தியம்.

அதைச் செய்வோர் சிக்கல்கர் எனப்படும் முஸ்லிம் குடும்பத்தார். முன்னோர் வாள் தீட்டிப் பிழைத்தவர்கள். ஆங்கிலேயர் காலத்தில் வாளுக்கு வேலை குறைந்தது. அடுப்பு எரிய வேண்டுமே! 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரீத் சாஹிப் என்பவர் வாத்தியத் தொழிலுக்கு மாறினார், பரம்பரை தொடர்ந்தது.

காய்ந்த பெரிய சுரைக்காயை ஊறவைத்து, வெட்டி, உள்ளீட்டைச் சுரண்டி, மரத்தண்டைப் பொருத்துகிறார்கள். இவையெல்லாம் கை பழகினால் வந்துவிடும். கடினமானது குதிரைதான். தந்திகள் படிந்து செல்லும் அந்தச் சிறு பலகையின் மேற்பரப்பை இம்மியளவாக அராவி, தந்தியின் கீழ் ஒரு நூலைச் செருகி நகர்த்திக் கேட்கிறார்கள். சரியான இடத்தில் ஓசை வண்டு ரீங்கரிப்பதுபோல் விரிகிறது. கூடுதலாக அராவினால் ஓசை செத்துவிடும். இதற்கு அளவுகோல் கிடையாது; காதுதான்.

2024இல் மிரஜ் சிதாருக்கும் தம்புராவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கைபேசியைத் தட்டினாலே தம்புரா ஒலிக்கும் காலம் இது. வாளுக்கு நேர்ந்தது தம்புராவுக்கும் நேருமோ என்ற கவலை, அந்த அடுப்படிகளிலும் இருக்கத்தானே செய்யும்?