லெப்டோஸ்பைரா: வடிவமும் வகைப்பாடும்

திருவனந்தபுரத்தில் ஆண்டுதோறும் இரு பருவங்களிலும் மழை பெய்கிறது. பெருமழையின்போது ஆமையிழஞ்சான் தோடு நிரம்பித் தம்பானூர்ப் பகுதியில் நீர் தேங்குவதுண்டு. அந்நீரில் இறங்கி வேலை செய்யும் தொழிலாளியின் காலில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் போதும், லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா உடலினுள் புகுந்துவிடும். மலையாளத்தில் 'எலிப்பனி' என்றும், தமிழில் 'எலிக்காய்ச்சல்' என்றும் வழங்கும் நோய் இதனால் விளைவதே. பழி முழுவதும் எலியைச் சார்ந்ததன்று; மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் இந்நுண்ணுயிர் வெளிப்படுகிறது.

இது மெல்லிய சுருள் வடிவினது. தடிமன் ஏறத்தாழ 0.1 மைக்ரான், நீளம் 6 முதல் 20 மைக்ரான் வரை. முனைகள் கொக்கி போல வளைந்திருக்கும். 1907-இல் சிறுநீரகத் திசுவில் இதனைக் கண்ட ஸ்டிம்சன், கேள்விக்குறியை ஒத்திருப்பது கருதி 'இன்டெரோகன்ஸ்' எனப் பெயரிட்டார். இது வழக்கமான சாயங்களை எளிதில் ஏற்பதில்லை. இருட்புல நுண்பெருக்கியில்தான் உயிருடன் தெளிவாகத் தெரியும். சர்க்கரையை விடுத்துக் கொழுப்பு அமிலங்களை உணவாகக் கொள்ளும் இவ்வுயிர், ஆய்வுக்கூடத்தில் வளரப் பல வாரங்கள் எடுத்துக்கொள்கிறது.

முன்னர் இப்பேரினத்தில் இரண்டு இனங்களே கொள்ளப்பட்டன: நோய் தருவன யாவும் இன்டெரோகன்ஸ், நீரிலும் மண்ணிலும் தீங்கின்றி வாழ்வன பைஃப்ளெக்ஸா. ஒவ்வொன்றும் ஊநீர்ச் சோதனைகளால் பல ஊநீர் வகைகளாகப் பிரிக்கப்பட்டது. நோய் தரும் வகைகள் மட்டும் 250-க்கு மேற்பட்டவை. 1980-களின் பிற்பகுதியில் டி.என்.ஏ. ஒப்பீடு இவ்வமைப்பை மாற்றியது. இன்று 60-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. 'ஹார்ட்ஜோ' என்னும் ஒரே ஊநீர் வகை இரண்டு வெவ்வேறு இனங்களில் காணப்படுவது மாணவர்களைக் குழப்பக்கூடும். முன்னது மேலுறையின் அடையாளம், பின்னது மரபு உறவு எனக் கொண்டால் குழப்பம் நீங்கும்.

இரண்டில் பழையது பயனற்றுப் போய்விடவில்லை. நுண்திரட்சிச் சோதனையில் நோயாளியின் ஊநீர், உயிருள்ள பல வகைகளுடன் கலந்து பார்க்கப்படுகிறது. அவ்வட்டாரத்தில் பரவியுள்ள வகை அத்தொகுப்பில் இல்லையேல், நோய் இருந்தும் இல்லை என்ற முடிவு வரக்கூடும். ஆகவே எந்தப் பகுதியில் எந்த வகை என்ற கணக்கு நிருவாகத்துக்கும் தேவை. இந்தியாவில் அந்தமான் தீவுகளின் நோய் குறித்து டெய்லர், கோயல் இருவரும் 1931-இலேயே ஆய்ந்து எழுதினர்.

சிகிச்சையோ வகைப்பாட்டுக்காகக் காத்திருப்பதில்லை. எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் தென்படவே ஒரு வாரம் வரை ஆகலாம். பெனிசிலினும் டாக்சிசைக்ளினும் தொடக்கத்திலேயே தரப்பட வேண்டியவை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தை அடுத்து, நீரில் இறங்கியோருக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் வழங்கக் கேரள அரசு ஏற்பாடு செய்தது. மாத்திரை உண்டாலும், தூர் வாருவோருக்குக் காலுறையும் கையுறையும் வழங்கும் கடமை நகராட்சிகளுக்குக் குறைவதில்லை.