தின் கிளையன்ட் தூங்கினால் என்ன மிச்சம்?

அலுவலகக் கவுன்ட்டர்களில் மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டிதான் தின் கிளையன்ட். பெரும்பாலும் ஃபேன் கிடையாது, ஹார்டு டிஸ்க்கும் கிடையாது. வேலையெல்லாம் சர்வரில் நடக்கும். தட்டுவதை அங்கே அனுப்பி, திரும்பி வரும் திரையைக் காட்டுவதோடு இதன் பொறுப்பு முடிந்தது.

இது இழுக்கும் மின்சாரம் சுமார் 10 வாட். எதிரே இருக்கும் மானிட்டர் பல சமயம் இதைவிட அதிகம் இழுக்கும். அதனால் பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் மானிட்டர் அணையட்டும். பகலில் பெட்டியைத் தூங்கவைக்கப் பாடுபடுவது வீண் என்பேன். தூங்கினால் சர்வர் இணைப்பு அறுந்துவிடும். பாதியில் நிற்கும் கடிதம் அழியாது, சர்வரில் அப்படியே காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பது சர்வரில் வைத்த கெடு. அது கடந்தால் சேமிக்காத கடிதத்தை மறந்துவிட வேண்டியதுதான். பழி மட்டும் பெட்டி மேல் விழும்.

விண்டோஸ் வகைப் பெட்டிகளில் இன்னொரு வேடிக்கை. மாலையில் ஸ்லீப் நேரத்தை மாற்றுவீர்கள். காலையில் பழையபடி இருக்கும். ஃபிளாஷ் நினைவகத்தில் எதுவும் எழுதவிடாமல் ரைட் ஃபில்டர் காவல் காக்கிறது. மாற்றங்கள் ரேமில் தங்கி, ரீஸ்டார்ட்டில் போய்விடும். நிர்வாகி ஃபில்டரை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மாற்றிவிட்டு, மறுபடி ஃபில்டரைப் போட்டால்தான் நிலைக்கும். ரேமை முழுதாக ஃபிளாஷில் எழுதிவைக்கும் ஹைபர்நேட்டும் இங்கே சரிப்படாது.

உண்மையான மிச்சம் இரவில் முழுதாக அணைப்பதில்தான். காலையில் எழுப்ப ‘வேக் ஆன் லேன்’ இருக்கிறது. அணைந்த பெட்டியிலும் நெட்வொர்க் கார்டு மட்டும் துளி மின்சாரத்தில் விழித்திருக்கும். அதற்கு அனுப்புவது ‘மேஜிக் பாக்கெட்’: எஃப்எஃப் என்ற பைட் 6 முறை, பிறகு அந்தக் கார்டின் 6 பைட் மேக் முகவரி 16 முறை, ஆக 102 பைட். தன் முகவரியைக் கண்டதும் கார்டு பெட்டியை எழுப்பும். பயாஸில் ‘இஆர்பி’ சிக்கனத்தைப் போட்டிருந்தால் பெரும்பாலும் அந்தத் துளியும் நின்றுவிடும், பெட்டி எழாது.

நம் ஊரில் அதைவிடப் பெரிய இடைஞ்சல், பூட்டும்போது சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் நல்ல பழக்கம். அப்படிப்பட்ட அலுவலகத்தில் மேஜிக் பாக்கெட்டை விட்டுவிடலாம். எல்லாரும் ஷட் டவுன் செய்த பிறகு சுவிட்சை அணைக்கட்டும். பயாஸில் ‘கரண்ட் வந்தால் ஆன்’ என்று வைத்தால் போதும், காலையில் சுவிட்சைப் போட்டதும் பெட்டி தானே கிளம்பும். பகலில் கரண்ட் போய் வந்தாலும் அப்படித்தான்.