அயல்நாட்டுச் செலவு

செலவு என்னுஞ் சொல் தமிழில் இரு பொருள் உடையது. ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லுதலும் செலவே. கைப்பொருள் நீங்குதலும் செலவே. கடல் கடந்து செல்வோர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்தலை யான் பிரிட்டனிற் பயிலச் சென்ற காலத்து நன்குணர்ந்தேன். என் தமையனார் தம் சம்பளத்தை ஈடாகக் காட்டிப் பெற்ற கடனே எனக்கு வழிப்பொருளாயிருந்தது. ஆதலின் வீணே கழிந்த ஒவ்வொரு பவுனும் என் நெஞ்சை உறுத்தியது. இவ்வாண்டும் நம் கல்லூரியினின்று சிலர் அந்நாட்டிற்குப் புறப்பட ஆயத்தமாயிருக்கின்றனர். அவர்கட்குப் பயன்படுமென்னும் எண்ணத்தால், பொருள் எவ்வெவ்வழியாற் கசிகின்றது என்பதனை எழுதத் துணிந்தேன்.

உண்பதிலும் உறைவதிலும் செல்லும் பொருள் கண்ணுக்குத் தெரியும். நாணயம் மாற்றுமிடத்திற் செல்லும் பொருளோ தெரியாது. விமான நிலையத்து நாணயமாற்றுக் கடையில், தரகு வாங்குவதில்லையென்று பெரிய எழுத்துக்களில் எழுதியிருப்பர். அஃது உண்மையே. அவர்க்கு வரும் ஊதியம் தரகில் இல்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே உள்ள வேற்றுமையில் இருக்கின்றது. கணக்கு எளிதாகும் பொருட்டு, ஒரு பவுனின் சந்தை மதிப்பு 100 ரூபாய் என்று கொள்வோம். கடைக்காரர் அதனை 107 ரூபாய்க்கு விற்று, 93 ரூபாய்க்கு வாங்குவாராயின், 20,000 ரூபாய் கொடுத்தவர் கையில் 187 பவுனுக்குச் சற்றுக் குறைவாகவே சேரும். பயணம் நின்றுபோய் அவர் அதனை அங்கேயே திருப்பிக் கொடுத்தால், 17,400 ரூபாயும் முழுமையாகக் கிடையாது. ஒரு கோப்பைத் தேநீரும் அருந்தாமல் 2,600 ரூபாய் கழிந்தது! ஆதலின், வந்திறங்கிய அன்றைக்கு வேண்டிய சிறு தொகையை மட்டும், ஊரிலேயே இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு மாற்றிக்கொள்ளுதல் நன்று.

பிரயாணிகளின் இவ்விடர் மிகப் பழையது. 1772-ஆம் ஆண்டில் இராபர்ட்டு ஹெரிஸ் என்னும் இலண்டன் பாங்கியாளர், ஐரோப்பாவின் 90 நகரங்களிற் காட்டிப் பணம் பெறத்தக்க சீட்டுக்களை வெளியிட்டார். நம் நாட்டு வணிகர் வழங்கிய உண்டியலோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். 1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியார் பிரயாணிச் செக்கை வழக்கிற் கொணர்ந்தனர். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது மற்றொரு கையெழுத்து. இரண்டும் ஒத்திருந்தாற் பணம். திருடன் கையிற் சிக்கினும் அவனுக்குப் பயனில்லை. நூறாண்டுக்கு மேல் ஆட்சி செய்த அச்செக்கு இப்பொழுது பெரும்பாலும் வழக்கொழிந்தது. இத்தகைய சீட்டுக்களை வழங்கிப் பெயர்பெற்ற தாமஸ் குக் கம்பெனியும் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் முறிந்துபோயிற்று. அவற்றின் இடத்தைப் பாங்கி அட்டை பிடித்துக்கொண்டது.

அட்டையிலும் கசிவு உண்டு. அயல்நாட்டிற் செலவிடும் ஒவ்வொரு முறையும் நம் நாட்டுப் பாங்கிகள் பல, நூற்றுக்கு இரண்டு முதல் மூன்றரை வரை வட்டம் பிடிப்பதும், அவ்வட்டத்தின்மேல் வரி விதிக்கப்படுவதும் உண்டு. வட்டமே இல்லாத அட்டைகளும் கிடைக்கின்றன. புறப்படுமுன் தம் பாங்கியிற் கேட்டறிந்துகொள்ளல் வேண்டும். பவுனாகவே முன்கூட்டிப் பணம் நிரப்பிய அட்டையும் நல்லதே. ஆயினும் விடுமுறைக்குப் பிரான்சு சென்று அதனை யூரோவிற் செலவிட்டால் மீண்டும் ஒரு மாற்றுக்கூலி வந்து சேரும்.

இவற்றினும் கொடிய கண்ணியொன்று உளது. யான் அதில் அகப்பட்டேனாதலின் விரித்துரைக்கின்றேன். எடின்பரோ நகரில் ஒரு விடுதியில் மூன்று இரவு தங்கினேன். கணக்கு 180 பவுன். அட்டையைப் பொறியில் இட்டவுடன் அதன் முகத்தில் இரு தொகைகள் தோன்றின: ஒன்று பவுனில், மற்றொன்று ரூபாயில். பல திங்களாகக் காணாத நம் நாணயத்தின் பெயரைக் கண்ட களிப்பினால், ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்தாற்போல, ரூபாயையே தொட்டுவிட்டேன். அன்றிரவு தாளும் பென்சிலுங் கொண்டு கணக்கிட்டபொழுதுதான், நூற்றுக்கு ஏழு வீதம், அஃதாவது 12 பவுன் 60 பென்ஸ், மிகுதியாகக் கொடுத்தமை விளங்கிற்று. யான் அக்காலத்து மூன்று நாள் உணவிற்குச் செலவிட்ட தொகை அது. நடந்தது யாதெனில், ரூபாயாக மாற்றும் வேலையை நம் பாங்கிக்கு விடாமல், கடைக்காரரின் பொறி தன் விருப்பப்படி வைத்த விலையிற் செய்துவிட்டது. கிடைத்த மிகுதியை அவர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வர். எந்நாணயத்திற் கொடுப்பது என்னும் உரிமை அட்டைக்குரியவருடையதே. ஆதலின் எப்பொழுதும் அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுக்க. கேளாமலே ரூபாயில் அழுத்திவிட்டாராயின், அதனை நீக்கிவிட்டு மறுமுறை பவுனில் இடும்படி கேட்கத் தயங்கற்க. பணம் வழங்கும் பொறிகளும் இவ்வினாவையே வேறு சொற்களிற் கேட்கும்; ஆண்டும் விடை இதுவே. மேலும், பணம் எடுக்குந்தோறும் நம் பாங்கி ஒரு கட்டணம் பிடிக்குமாதலால், பத்துமுறை சிறுகச் சிறுக எடுத்தலினும் இருமுறை எடுத்தல் சிக்கனமாம்.

இனித் தங்குமிடம். குறைந்த செலவில் இளைஞர் தங்கும் விடுதிகள் உண்டானமைக்குக் காரணம் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவதாகும். ஜெர்மனியைச் சார்ந்த ரிச்சர்டு ஷிர்மான் என்பவர், 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துச் சென்றபொழுது பெரும்புயலில் அகப்பட்டு, ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஒதுங்கினார். குடியானவர் ஒருவர் வைக்கோலும் பாலும் அளித்தார். சிறுவர்கள் உறங்கினர், ஆசிரியர் உறங்கவில்லை. விடுமுறைக் காலத்தில் வெறிதே கிடக்கும் பள்ளிகள் வழிச்செல்லும் இளைஞர்க்கு உறைவிடமாகலாகாதா என்று அவர் அவ்விரவிற் கொண்ட எண்ணமே 1912-இல் ஆல்ட்டனா நகரக் கோட்டையில் நிலையான விடுதியாயிற்று. 1930-இல் இம்முயற்சி இங்கிலாந்திலும் ஓர் இயக்கமாக உருக்கொண்டது. இத்தகைய விடுதிகளிற் பலர் ஓரறையிற் படுத்தல் வேண்டும். பூட்டு ஒன்று கொண்டுசெல்லல் நலம். படுக்கைக்கூலி குறைவென்பதினும், பலவற்றிற் பொதுச் சமையலறை உண்டென்பதே பெரிய வசதி.

ஏனெனில், சிற்றுண்டிச்சாலைகளில் இருவேளை உண்பவர் விரைவிற் கடனாளியாவர். அரிசியும் பருப்பும் ஆசியர் கடைகளில் எளிதிற் கிடைக்கும். பெருங்கடைகளில் அன்றே விற்றாகவேண்டிய பண்டங்களுக்கு மாலையில் மஞ்சள் நிறத் துண்டு ஒட்டி விலை குறைப்பர். நாணமின்றி வாங்கலாம், அந்நாட்டாரும் வாங்குகின்றனர். குழாய்நீர் அருந்தத் தக்கது. மது விற்கும் விடுதிகள், கேட்பவர்க்குக் குடிநீரை விலையின்றித் தரவேண்டுமென்னும் விதி இங்கிலாந்தில் 2010 முதல் உளது. நம் கல்லூரி மாணவர் அவ்விடங்களுட் புகுதற்கு இஃதொன்றே தக்க காரணமாகும்!

உணவைக் குறைத்தல் மட்டும் சிக்கனமன்று. என்னோடு பயின்ற நண்பர் ஒருவர், காணும் பண்டம் ஒவ்வொன்றின் விலையையும் நூறாற் பெருக்கிப் பார்த்து அஞ்சி, நாடோறும் ஒருவேளையே உண்டார். கார்த்திகைக் குளிரில் நோய்வாய்ப்பட்டு ஒரு திங்கட்பாடம் இழந்தார். அப்பாடத்திற்கு அவர் முன்னரே கட்டியிருந்த தொகையை நினைந்தால், அவர் மிச்சப்படுத்திய ரொட்டி மிக விலையுயர்ந்த ரொட்டியே.

ரெயில் சீட்டுக்களைச் சில வாரங்கட்கு முன்னரே பெற்றால் விலை மிகக் குறையும். மாணவர்க்கெனவுள்ள ரெயில் அட்டையை ஆண்டிற்கு ஒருமுறை வாங்கினால் மூன்றில் ஒருபங்கு கழிவு உண்டு. இலண்டன் பஸ்களில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. அட்டையைக் காட்டி ஏறியபின் ஒரு மணி நேரத்திற்குள் வேறு பஸ்ஸில் ஏறினால் அதே அட்டைக்கு மறுகூலி இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் நிலையான காட்சிகளைக் காண ஒரு பென்னியும் வேண்டா.

திரும்பி வந்தோர் பலரிடம் பழைய பவுன் நோட்டுகள் பெட்டியடியிற் கிடத்தல் கூடும். காகிதத்தாலாகிய 20 பவுன், 50 பவுன் நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பின் கடைகளிற் செல்லா. எனினும் பாங்க் ஆப் இங்கிலாந்து தன் பழைய நோட்டுகளைக் காலவரையறையின்றி மாற்றிக்கொடுக்கின்றது. என்னிடமிருந்த 20 பவுன் நோட்டுகள் இரண்டை, சென்ற ஆண்டு புறப்பட்ட மாணவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் திரெட்நீடில் தெருவிலுள்ள அப்பாங்கியில் வரிசையில் நின்று மாற்றி, ஒரு சோற்றுப் பாத்திரமும் பத்துக் கிலோ அரிசியும் வாங்கியதாக எழுதியிருந்தார்.