கப்பலில் போட்ட கணக்கு

மனிதரைப் போலவே நக்ஷத்திரங்களுக்கும் பிறப்பு, வாலிபம், மூப்பு, மரணம் யாவும் உண்டு என்பர் வான சாஸ்திரிகள். இறந்த நக்ஷத்திரம் என்ன ஆகிறது? இக்கேள்விக்கு விடை கண்ட வரலாற்றில், பத்தொன்பது வயதுச் சென்னை மாணவர் ஒருவருக்குச் சிறந்த இடம் உண்டு.

நக்ஷத்திரம் என்பது பிரம்மாண்டமான வாயுக் கோளம். அதன் ஆகர்ஷண சக்தி அனைத்தையும் உள்நோக்கி இழுக்கிறது. நடுவில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதால் உண்டாகும் உஷ்ணம் வெளிநோக்கித் தள்ளுகிறது. இரண்டும் சமமாக உள்ளவரை தொல்லையில்லை. எண்ணெய் வற்றிய விளக்கைப் போல எரிபொருள் தீர்ந்ததும் நடுப்பகுதி சுருங்கத் தொடங்குகிறது. அது பூமியின் அளவுக்கு வந்ததும், நெருக்குண்ட எலெக்ட்ரான்கள் எதிர்த்து நின்று, மேலும் சுருங்காமல் தாங்கிக்கொள்ளும். பிறகு அந்த 'வெண்குள்ள' நக்ஷத்திரம் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டிருக்கும். எல்லா நக்ஷத்திரங்களுக்கும் இத்தகைய சாந்தமான முடிவே உண்டு என்று அக்காலத்து அறிஞர்கள் நம்பியிருந்தார்கள்.

1930-ம் வருஷம் ஜூலை மாத இறுதியில், சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் பட்டம் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், கேம்பிரிட்ஜில் மேற்படிப்புக்காகப் பம்பாயில் கப்பலேறினார். இவர் ஸர் சி. வி. ராமனின் தமையனார் குமாரர். கடற் பிரயாணத்தில் பொழுது போக வேண்டுமே! காகிதமும் பென்ஸிலும் எடுத்துக் கணக்குப் போட்டார். வெண்குள்ளனுக்குள் எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடுமாகையால், ஐன்ஸ்டீனின் ஸாபேக்ஷத் தத்துவத்தையும் கணக்கில் சேர்த்தார். விடை அவரையே திகைக்கச் செய்தது. பாரம் ஓர் எல்லையைக் கடந்தால் எலெக்ட்ரான்களால் தாங்க முடியாது! பின்னர் செம்மையாகக் கணக்கிட்டதில், அந்த எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று தெரிந்தது.

அதற்கு மேற்பட்டால்? 1935-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி லண்டன் ராயல் வான சாஸ்திர சங்கத்தில் சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் அந்நாளைய வான சாஸ்திரிகளில் மிகப் புகழ் பெற்ற ஸர் ஆர்தர் எட்டிங்டன். இக்கணக்கு சரியானால், நக்ஷத்திரம் சுருங்கிச் சுருங்கி, தன் ஒளியையும் தானே அடக்கிக்கொண்டுவிடும் என்று அவர் விளக்கினார். கருந்துளையை இதைவிட நன்றாக யார் வர்ணிக்க முடியும்? ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. இத்தகைய அபத்தத்தை இயற்கை அனுமதியாது என்று பரிகசித்தார். சபை சிரித்தது. இளைஞரின் பக்கம் பகிரங்கமாகப் பேச அன்று ஒருவரும் எழவில்லை.

கருந்துளை என்பது உண்மையில் துளை அல்ல. ஏராளமான பொருள் மிகச் சிறிய இடத்தில் அடங்கிய நிலை அது. பூமியை ஒரு கோலிக்குண்டின் அளவுக்கு அழுத்தினால் அதுவும் கருந்துளையாகிவிடும். விநாடிக்கு மூன்று லக்ஷம் கிலோமீட்டர் செல்லும் ஒளிகூட அதிலிருந்து தப்ப இயலாது. பெரிய நக்ஷத்திரங்கள் இந்நிலையை அடையக்கூடும் என்பதை 1939-ல் அமெரிக்காவில் ஓப்பன்ஹைமரும் ஸ்நைடரும் கணித்துக் காட்டினார்கள்.

ஒளியே விடாத பொருளைக் காண்பது எப்படி? அதன் அண்டை வீட்டாரைக் கவனித்துத்தான்! சிக்னஸ் என்னும் அன்ன மண்டலத்திலிருந்து எக்ஸ் கதிர்கள் வருவதை 1964-ல் ராக்கெட் கருவிகள் கண்டன. அங்கே ஒரு பெரிய நக்ஷத்திரம், கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்றுடன் 5.6 நாளுக்கு ஒரு முறை சுற்றிவருகிறது. அத்துணையின் பாரம் சூரியனைப்போல் சுமார் 21 மடங்கு. 2019-ல், எம் 87 என்னும் நக்ஷத்திரக் கூட்டத்தின் நடுவே உள்ள மாபெரும் கருந்துளையின் நிழலைப் படமாகவே உலகம் பார்த்துவிட்டது.

நமது சூரியனைப் பற்றி நேயர்கள் அஞ்ச வேண்டாம். அதன் பாரம் எல்லைக்கு உட்பட்டது. இன்னும் சுமார் 500 கோடி வருஷங்களுக்குப் பின் அது வெண்குள்ளனாகவே முடியும்.

சந்திரசேகருக்கு 1983-ல் நோபல் பரிசு வந்தது. கப்பலில் கணக்குப் போட்டு அப்போது ஐம்பத்து மூன்று வருஷங்கள் ஆகியிருந்தன! நம் வீட்டுப் பிள்ளைகள் போடும் கணக்கில் பெரியவர்கள் எதிர்பாராத விடை வந்தால், உடனே சிலேட்டை அழிக்கச் சொல்ல வேண்டாம். வழி சரிதானா என்று பார்ப்போம். வழி சரியாயிருந்தால், திருத்திக்கொள்ள வேண்டியது நமது அபிப்பிராயமே அன்றி விடை அல்ல.