மறுமுனையில் இருப்பவர்

அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி நகரில் ட்யூப் பார் என்றொரு மதுக்கடை இருந்தது. 1970களில் இளைஞர் இருவர் அக்கடைக்குத் தொலைபேசியில் பேசி, இன்னாரைக் கூப்பிடுங்கள் என்பர். முதியவரான உரிமையாளரும் அப்பெயரை உரத்துக் கூவுவார். கூவிய பின்னரே அது பெயரன்று, விரசமான சிலேடை என்பது அவருக்குப் புலப்படும். அப்போது அவர் பொழிந்த வசைமாரியை இளைஞர்கள் ஒலிநாடாவில் பதிந்தனர். நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்கப்பெற்று அது பல ஊர்களைச் சுற்றியது.

பின்னர் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜானி பிரென்னன், கமால் அகமது இருவரும் ‘ஜெர்க்கி பாய்ஸ்’ என்னும் பெயரில் இக்குறும்பையே தொழிலாக்கினர். 1993இல் அவர்தம் முதல் ஒலித்தொகுப்பு வெளிவந்து பெருவாரியாக விற்றது. 1995இல் திரைப்படமும் வந்தது.

இவற்றில் மக்களை ஈர்ப்பது யாது? அழைப்பவர் பேச்சில் பெரிதாக ஒன்றுமில்லை. (பிரென்னனின் குரல் மாற்றும் திறனை வேண்டுமானால் மெச்சலாம்.) சுவை முழுவதும் மறுமுனையில் இருக்கிறது. எழுதி வைத்துப் பேசும் நடிகரிடம் கிட்டாத ஒன்று அங்கே கேட்கிறது. அது, பிறர் செவிமடுப்பதை அறியாத மனிதரின் உண்மைக் குரல். முதலில் மரியாதை, பிறகு குழப்பம், அதன்பின் ஐயம், இறுதியில் சினம். நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை என்பதே நம்மைச் சிரிக்க வைக்கிறது. அவர் முகம் தெரியாததும் அச்சிரிப்புக்கு வசதியாகிவிடுகிறது.

2012 டிசம்பரில் ஆஸ்திரேலிய வானொலி அறிவிப்பாளர் இருவர், எலிசபெத் அரசியாகவும் இளவரசர் சார்லசாகவும் நடித்து, இளவரசர் வில்லியமின் மனைவி சிகிச்சை பெற்றுவந்த இலண்டன் மருத்துவமனையை அழைத்தனர். தாதி ஒருவர் அதனை நம்பி, உரிய பிரிவுக்கு இணைப்புத் தந்தார். உரையாடல் ஒலிபரப்பாயிற்று, பல நாடுகளில் அதைக் கேட்டு நகைத்தனர். மூன்று நாட்களில் அத்தாதி தற்கொலை செய்துகொண்டார்.

தொலைபேசிக்கு நெடுங்காலம் முன்பே இவ்வகை விளையாட்டு இருந்திருக்கிறது. பயணமொன்றில் நபித்தோழர் ஒருவர் உறங்கிக்கொண்டிருக்க, வேறொருவர் விளையாட்டாக அவரது கயிற்றை எடுத்தார்; உறங்கியவர் திடுக்கிட்டார். ஒரு முஸ்லிமை மற்றொரு முஸ்லிம் அச்சுறுத்துவது ஆகாது எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றதாக அபூதாவூத் நூலில் காண்கிறோம்.

அண்ணலார் நகைச்சுவையை வெறுத்தவர்கள் அல்லர். ஏறிச் செல்ல வாகனம் கேட்டு வந்தவரிடம், பெண் ஒட்டகத்தின் குட்டியொன்றைத் தருவதாகக் கூறினார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். வளர்ந்த ஒட்டகமும் ஒரு பெண் ஒட்டகம் ஈன்ற குட்டிதானே என்று அப்போதே அவரிடம் கேட்டார்கள்.