அரிசிக்கு ஓட்டு உண்டா?

"உங்க வீட்ல இன்னிக்கு என்ன சமையல்னு யார் சார் முடிவு பண்றது?" என்று கேட்டால், ஆண்கள் அசட்டுச் சிரிப்போடு சமையலறைப் பக்கம் கை காட்டுவார்கள். ரேஷன் அரிசியைப் பொறுத்தவரை, அந்த அம்மணிக்கும் அதிகாரம் கிடையாது!

புதுவாயலில் ஒரு அம்மா, முறத்தில் அரிசியைப் பரப்பி, நிறம் மாறிய மணிகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். "பிளாஸ்டிக் அரிசிப்பா!"

பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி-12 சேர்த்து மெஷினில் செய்த மணி. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கலப்பார்கள். பெயர், 'செறிவூட்டப்பட்ட அரிசி'. சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்!

2021 சுதந்திர தினத்தன்று பிரதமர் செங்கோட்டையில் அறிவித்தார். 2023-ல் தமிழக ரேஷன் கடைகளுக்கு வந்தது. காரணம் நியாயமானதுதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை.

ஆனால், பி.டி. கத்தரிக்காயை அனுமதிப்பதா என்ற கேள்வி வந்தபோது, மத்திய அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கூட்டம் போட்டு, விவசாயி முதல் விஞ்ஞானி வரை கருத்துக் கேட்டார். 2010 பிப்ரவரியில் அதை நிறுத்தியும் வைத்தார். கத்தரிக்காய்க்குக் கிடைத்த அந்த மரியாதை, தினம் மூன்று வேளை தின்கிற அரிசிக்கு வேண்டாமா?

காசுள்ளவர் பிடிக்காவிட்டால் கடையை மாற்றிப் பொன்னி வாங்குவார். கார்டை நம்பியிருப்பவர் எங்கே போவார்? பொறுக்கித்தான் எறிவார். பி.காம். கணக்குப்படி பார்த்தாலும் இது சுத்த நஷ்டம். சத்து குப்பைக்கு, செலவு கஜானாவுக்கு, சோகை மட்டும் உடம்பிலேயே! மூட்டையைப் பிரிக்கும் முன், "இது இன்ன அரிசி, இதற்காகப் போடுகிறோம், சம்மதமா?" என்று சாப்பிடுகிறவரிடம் கேட்க எத்தனை ரூபாய் ஆகும்?