சுவரில் வந்து ஒட்டிய பெரிய பூச்சி

மழை ஓய்ந்த இரவு. விளக்கு வெளிச்சத்திற்கு ஒரு சாண் அகலமான பூச்சி பறந்து வந்து சுவரில் ஒட்டிக்கொண்டால் யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். பிள்ளைகள் கத்துவார்கள். கைக்கு முதலில் அகப்படுவது விளக்குமாறுதான். சகோதரிகளே, அதை ஓங்குவதற்கு முன் இந்தப் பூச்சியைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வோம்.

இது அற்லஸ் அந்துப்பூச்சி. உலகின் மிகப் பெரிய அந்துப்பூச்சிகளில் ஒன்று. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காணப்படும் இனத்தின் விஞ்ஞானப் பெயர் 'அற்றகஸ் தப்ரோபானிஸ்'. 'தப்ரபேன்' என்பது பண்டைய கிரேக்கர் நமது தீவுக்கு இட்ட பெயர்.

செம்மண்ணிறச் சிறகுகளில் கண்ணாடி பதித்தது போன்ற முக்கோண வடிவங்கள் இருக்கும். மேற்சிறகின் நுனி பாம்பின் தலையைப் போலத் தோன்றும். இதைக் கண்டு பறவைகள் ஏமாந்து விலகும் என்று கருதப்படுகிறது.

பெண் பூச்சி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இலைகளின் அடியில் இடும். ஏறத்தாழ 10 நாட்களில் புழுக்கள் வெளிவந்து கறுவா, கொய்யா போன்ற மரங்களின் இலைகளைத் தின்று வளரும். பச்சை நிறமான புழுவின் மேல் வெண்மையான மெழுகுத்தூள் படிந்திருக்கும். நன்கு வளர்ந்ததும் இலையைச் சுற்றிப் பட்டு நூலால் கூடு கட்டும். சுமார் ஒரு மாதத்தில் பூச்சி வெளியே வரும்.

வியப்பு என்னவென்றால், வளர்ந்த பூச்சிக்கு உண்ணக்கூடிய வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஒன்று, இரண்டு வாரங்கள் உயிர் வாழும். அதற்குள் ஆண் பூச்சி, பெண்ணின் வாசனையைத் தன் இறகு போன்ற உணர்கொம்புகளால் அறிந்து தேடி வரவேண்டும். பெண் முட்டையிட வேண்டும்.

இந்தப் பூச்சி கடிக்காது, கொட்டாது. வீட்டுக்குள் வந்தால் விளக்கைச் சிறிது நேரம் அணைத்துக் கதவைத் திறந்து விடுங்கள். போகாவிட்டால் ஒரு கடதாசியில் ஏறவிட்டு, வெளியே மரத்தில் விடுங்கள். சிறகைப் பிடிக்க வேண்டாம். அதிலுள்ள செதில்கள் உதிர்ந்துவிடும்.

வளவைத் துப்புரவு செய்யும்போது இலையில் சுற்றிய கபில நிறக் கூட்டைக் கண்டால், அந்தக் கிளையை மட்டும் ஒரு மாதம் விட்டுவையுங்கள். அடுத்த தலைமுறை அதற்குள் உறங்குகிறது. அது வெளியே வரும் நாளைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பயம் தானே போய்விடும்.